வந்து 47 நாள் ஆச்சு, இன்னும் ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது

தூக்கம்வராதவன்
செவ்வாய், இரவு 11.52

வணக்கம். இத்தனை நாளா ஓரமா உக்காந்து படிச்சுட்டுப் போறவன். எழுதுறது இதான் முதல் தடவை.

வேலைக்காகப் பெருநகரத்துக்கு வந்து இன்னியோட 47 நாள். எந்த நகரம்னு சொல்லப் போறதில்ல. சொன்னா எல்லாரும் அந்த நகரத்தைத் திட்ட ஆரம்பிச்சுடுவீங்க, நான் கேக்க வந்தது அமுங்கிப் போயிடும்.

நான் இருக்கிறது நாலாவது மாடி. நீளமா ஒரு வராந்தா, ஆறு கதவு. வந்ததுலேர்ந்து என் கதவைத் தவிர வேற எதுவும் திறந்து நான் பாத்ததில்ல. ஆனா பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. காலைல 5.10க்கு அலாரம் அடிக்கும். அமுக்குவாரு. 5.19க்கு மறுபடி. அமுக்குவாரு. 5.28க்கு மூணாவது. அதுக்கப்புறம் கட்டில் ஒரு கிறீச், இருமல் ரெண்டு, குழாய்ச் சத்தம். சனி ஞாயிறும் இதே கதைதான். எந்தப் பக்கமா படுக்குறாருன்னுகூடச் சொல்லிடுவேன். முகம் தெரியாது.

லிஃப்ட்ல எட்டு பேர் நின்னா எட்டு பேரும் கதவுக்கு மேல மாறுற நம்பரையே பாக்குறாங்க, பரீட்சை ரிசல்ட் வர்ற மாதிரி. முதல் வாரம் ஒருத்தரைப் பாத்து சிரிச்சேன். அவர் திரும்பி, தனக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களான்னு பாத்தாரு. அதோட அந்த வேலையை விட்டாச்சு.

பஸ் 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு போர்டுல போட்டிருக்கு. பொய். ரெண்டு வாரமா குறிச்சு வெச்சிருக்கேன், சராசரியா எட்டரை நிமிஷம் நிக்கிறேன், சில நாள் 17. ராத்திரி 11 மணிக்குச் சுவர்ல கை வெச்சா இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. தூக்கம் எங்க வரும்.

கேள்வி இதுதான். இதெல்லாம் பழகிடுமா? பழகிட்டா அது நல்லதா, கெட்டதா?


சும்மாஇருங்க
செவ்வாய், இரவு 11.58

பழகிடும். தூங்குங்க.


திரும்பிப்போனவன்
புதன், காலை 6.14

பழகிடும் தம்பி. அதுதான் ஆபத்தே.

ஆறு வருஷம் இருந்துட்டு மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்தவன் சொல்றேன், கேட்டுக்க. முதல் மாசம் நடைபாதையில ஒரு ஆள் கீழ கிடந்தா மனசு பதறும். ஆறாவது மாசம் சுத்திப் போவ. ரெண்டாவது வருஷம் சுத்திப் போனதே உனக்குத் தெரியாது. எனக்கு நாலு நாள் காய்ச்சல் வந்துச்சு. வேலை எடத்துலேர்ந்து மூணாவது நாள் ஒரு மெசேஜ், 'அந்த ஃபைல் எங்க இருக்கு'ன்னு. அவ்வளவுதான் விசாரிப்பு. பூட்டின கதவுக்குள்ள கிடந்தேன். அந்த நாலு நாள்லதான் முடிவு பண்ணினேன், போதும்னு.


மூணாவதுமாடி
புதன், காலை 8.40

தூக்கம்வராதவன், வாங்க. ஒன்பது வருஷமா இருக்கேன், நான் வேற மாதிரி சொல்லட்டுமா.

நான் வளர்ந்த தெருவுல எங்க வீட்டு வாசல்ல புதுசா ஒரு ஜோடி செருப்பு கிடந்தா, அது யாரோட செருப்புன்னு சாயங்காலத்துக்குள்ள தெருவே பேசி முடிச்சுடும். நான் எங்க போறேன், யாரோட வர்றேன், ஏன் லேட்டு, இதுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும். பதில் சொல்லாட்டி அதுக்கும் ஒரு பேர் வெச்சுடுவாங்க. இங்க வந்த முதல் வாரம் ராத்திரி பத்தரைக்குத் தனியா வீட்டுக்கு வந்தேன். எந்த ஜன்னலும் திறக்கல. படியில உக்காந்து அழுதேன். சந்தோஷத்துல.

யாருக்கும் பேர் தெரியாததை நீங்க தண்டனைன்னு நினைக்கிறீங்க. எனக்கு அது சம்பளத்தோட வந்த போனஸ்.

திரும்பிப்போனவன் அண்ணா, உங்க காய்ச்சல் கதை வருத்தமா இருக்கு. ஆனா ஆறு வருஷத்துல ஒரு கதவைக்கூட நீங்க தட்டலையா? அவங்க தட்டலங்கிற கணக்கு மட்டும்தான் இருக்கு.


திரும்பிப்போனவன்
புதன், காலை 9.05

தட்டினேன் அம்மா. கண்ணு வைக்கிற ஓட்டை வழியா பாத்தாங்க. அந்த ஓட்டைல ஒரு நிழல் வந்து மறைச்சுது, அப்புறம் விலகிச்சு. கதவு திறக்கல. அதுக்கு மேல என்ன பண்ணச் சொல்ற?


மூணாவதுமாடி
புதன், காலை 9.11

ராத்திரி எத்தனை மணிக்குத் தட்டினீங்க?


திரும்பிப்போனவன்
புதன், காலை 9.30

பதினொண்ணு இருக்கும்.


சும்மாஇருங்க
புதன், காலை 9.31

😂


டைம்டேபிள்
புதன், முற்பகல் 11.20

மற்ற விஷயங்களில் எனக்குக் கருத்து இல்லை. பஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். பஸ் அட்டவணை போடுவதே முப்பது வருடம் என் பிழைப்பாக இருந்தது.

போர்டு பொய் சொல்லவில்லை, நீங்கள் குறித்த எட்டரை நிமிடமும் பொய்யில்லை. 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக 5 நிமிடம்தானே நிற்க வேண்டும் என்று தோன்றும். பஸ்கள் சம இடைவெளியில் வந்தால்தான் அந்தக் கணக்கு. இப்படிப் பாருங்கள்: ஒரு பஸ் வந்து 2 நிமிடத்தில் அடுத்தது, அதன்பின் 18 நிமிடம் கழித்து அதற்கடுத்தது. 20 நிமிடத்தில் இரண்டு பஸ், ஆகவே '10 நிமிடத்துக்கு ஒன்று' என்பது சரிதான். ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்கு வருவது ஏதோ ஒரு நிமிடத்தில். அந்த 20 நிமிடத்தில் 18 நிமிடம் நீளமான இடைவெளிக்குச் சொந்தம். பத்தில் ஒன்பது தடவை நீங்கள் அதில்தான் மாட்டுவீர்கள், மாட்டினால் சராசரியாக 9 நிமிடம். பத்தில் ஒரு தடவை குட்டி இடைவெளியில் விழுந்து 1 நிமிடம். கூட்டிக் கழித்தால் 8.2 நிமிடம் வருகிறது. உங்கள் நோட்டில் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஏன் இப்படி ஜோடி சேர்கின்றன? முதல் பஸ் ஒரு சிக்னலில் ஒரு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கான ஆட்களும் சேர்ந்து நிற்பார்கள். அவர்களை ஏற்ற இன்னும் கொஞ்சம் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது சீக்கிரம் கிளம்பி முன்னதை எட்டிப் பிடிக்கும். டிரைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது நடக்கும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்துச் சரிசெய்வோம். அப்போது உள்ளே இருப்பவர்கள் எங்களைத் திட்டுவார்கள்.

அதனால் பிதுங்கி வழியும் பஸ் வந்தால் ஏறாதீர்கள். எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னாலேயே காலியாக ஒன்று வரும்.


தூக்கம்வராதவன்
புதன், மாலை 7.48

டைம்டேபிள் சார், இன்னிக்கு சாயங்காலம் ஏறல. ரெண்டே நிமிஷத்துல பின்னாடி ஒண்ணு வந்துச்சு, ஜன்னலோர சீட். 47 நாள்ல முதல் தடவையா உக்காந்து வந்தேன்.

மூணாவதுமாடி அக்கா சொன்னதை மதியம் பூரா யோசிச்சேன். நியாயம்தான். ஆனா உங்களுக்கு விடுதலையா இருக்கிறது எனக்கு ஏன் தொண்டையில முள்ளு மாதிரி இருக்குன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன்ல ஒரு நம்பரைத் தப்பா அழுத்திட்டேன். எதிர்ல யாரோ 'யாருங்க?'ன்னாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கப்புறம் நான் வாயைத் திறக்கிறதே அதுதான் முதல் தடவைன்னு. குரல் கரகரன்னு வந்துச்சு.


மூணாவதுமாடி
புதன், இரவு 9.02

எனக்கும் அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை இருந்துச்சு தம்பி. ஒண்ணு இல்ல, நிறைய.


ஏட்டுச்சுரைக்காய்
புதன், இரவு 10.15

என் பேரைப் பாத்தே தெரிஞ்சிருக்கும், கறிக்கு உதவுற மாதிரி எதுவும் சொல்ல மாட்டேன். சமூகவியல் படிக்கிறேன். ஆனா இந்த லிஃப்ட் சமாச்சாரம் எங்க பாடத்துலயே இருக்கு, சும்மா விட மனசு வரல.

ஜார்ஜ் சிம்மல்னு ஒரு ஜெர்மானியர் 1908லயே ஒண்ணு கவனிச்சார். பஸ், ரயில், டிராம் எல்லாம் 19ஆம் நூற்றாண்டுல வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு பேர் நிமிஷக்கணக்கா மணிக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே, ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கிற நிலைமையே மனுஷனுக்கு வந்ததில்லையாம். யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு புதுசு இது! அந்தச் சங்கடத்தைச் சமாளிக்க நாம கண்டுபிடிச்ச வித்தைதான் கண்ணை வேற எங்கயாவது வைக்கிறது. எர்விங் கோஃப்மன்னு ஒரு சமூகவியலாளர் 1963ல இதுக்கு ஒரு பேரே வெச்சார். தமிழ்ல 'நாகரிகமான கண்டுகொள்ளாமை'ன்னு வெச்சுக்கலாம். ஒரு நொடி பாக்கணும், 'நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும்'னு காட்டுறதுக்கு. உடனே கண்ணை எடுத்துடணும், 'உன்கிட்ட எனக்கு வேலையில்ல, பயப்படாதே'ன்னு காட்டுறதுக்கு. பாக்கவே பாக்காம இருந்தா அவமானம், பாத்துக்கிட்டே இருந்தா மிரட்டல். ரெண்டுக்கும் நடுவுல அந்த ஒரு நொடி.

அந்த லிஃப்ட் ஆள் உங்களைத் திமிர்ல ஒதுக்கல. ஒரு நொடில முடிய வேண்டியதை நீங்க மூணு நொடி நீட்டிட்டீங்க. அவ்வளவுதான்.


திரும்பிப்போனவன்
வியாழன், காலை 6.20

படிச்சவங்க ஒரு பேர் வெச்சுட்டா எல்லாம் நியாயம் ஆயிடுது. கண்டுகொள்ளாமைன்னா கண்டுகொள்ளாமைதான். அதுல நாகரிகம் என்ன, அநாகரிகம் என்ன?


மூணாவதுமாடி
வியாழன், காலை 8.33

இருக்கு அண்ணா. பஸ்ல எதிர் சீட்டுல உக்காந்து இறங்குற வரைக்கும் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டு வர்றவனும் 'கண்டுக்கிறவன்'தான். எந்தப் பொண்ணை வேணா கேளுங்க, நாகரிகம் எதுன்னு சொல்லுவா.


திரும்பிப்போனவன்
வியாழன், காலை 8.50

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.


தூக்கம்வராதவன்
வியாழன், இரவு 10.37

இன்னிக்கு ஒரு கூத்து. சிரிக்காதீங்க.

புது ஆள் ஒருத்தரைப் பாக்க வேற கிளைக்குப் போகணும்னு சொன்னாங்க. மெட்ரோ மேப்பைப் பாத்தேன். நாலு ஸ்டேஷன் போய், அங்க லைன் மாறி, மூணு ஸ்டேஷன். அரை மணி நேரம் சுரங்கத்துல சுத்தி, வெளிய வந்து, படியேறி நிமிர்ந்து பாக்குறேன். எதிர்ல எங்க ஆஃபீஸ் மொட்டைமாடியில இருக்கிற பச்சைத் தண்ணித் தொட்டி. அந்தத் தொட்டியில ஒரு பக்கம் விரிசலுக்குக் கறுப்பா பட்டை அடிச்சிருப்பாங்க, அதுகூடத் தெரியுது. நடந்தா ஏழு நிமிஷம். வரும்போது நடந்துதான் வந்தேன், யாராவது பாத்துட்டாங்களான்னு சுத்தி முத்தும் பாத்துக்கிட்டே. யாரும் பாக்கலங்கிறது முதல் தடவையா நிம்மதியா இருந்துச்சு. அக்கா ஜெயிச்சுட்டாங்க.


டைம்டேபிள்
வியாழன், இரவு 10.55

வெட்கப்பட வேண்டாம். அந்த மாதிரி மேப் தூரத்தைக் காட்டுவதற்காக வரைந்தது அல்ல. லண்டன் சுரங்க ரயிலுக்கு 1933இல் வெளியான ஹாரி பெக்கின் படம்தான் இதற்கெல்லாம் முன்னோடி. அவர் மின்சுற்று வரைபடம் வரைந்து பழகியவர். பூமிக்கு அடியில் போகிறவனுக்கு எந்த லைன், எங்கே மாற வேண்டும் என்பதுதான் முக்கியம், மேலே தெரு எப்படி வளைகிறது என்பது எதற்கு என்று யோசித்தார். எல்லாக் கோடுகளையும் நேராக்கி, நெரிசலான நடுப்பகுதியை விரித்து, தொலைவான ஓரங்களைச் சுருக்கிவிட்டார். அந்த லண்டனிலேயே லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்று அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஏறக்குறைய 260 மீட்டர்தான். அதற்கும் டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு நிலையம் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடங்கள். நகரம் உங்கள் தலைக்குள் இப்போது தனித்தனிப் பொட்டுகளாக இருக்கிறது. நடந்தால்தான் பொட்டுகள் ஒட்டும்.


ஏட்டுச்சுரைக்காய்
வியாழன், இரவு 11.40

சுவர் சூட்டை யாரும் தொடலையே. 200 வருஷத்துக்கு முன்னாடியே லூக் ஹோவர்ட்னு ஒருத்தர் லண்டன்ல நகரத்துக்குள்ளயும் வெளியிலயும் வெப்பமானி வெச்சு அளந்து 1818லேர்ந்து வெளியிட ஆரம்பிச்சார். ராத்திரியிலதான் வித்தியாசம் எடுத்துத் தெரியுதுன்னு அவர் கண்டது, நகரத்துக்குள்ள ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் கூட. கான்கிரீட்டும் தாரும் பகல் பூரா வெயிலைக் குடிச்சு ராத்திரி கக்குது. மேற்குச் சுவருக்கு ஒட்டிக் கட்டில் போட்டிருந்தா முதல்ல அதை நகர்த்துங்க.


தூக்கம்வராதவன்
வியாழன், இரவு 11.51

மேற்குச் சுவர்தான். ஆனா அலாரம் கேக்குறதும் அந்தச் சுவர் வழியாத்தான்...


சும்மாஇருங்க
வியாழன், இரவு 11.53

இப்பத் தெரியுது ஏன் நகர்த்தலைன்னு.


ஏட்டுச்சுரைக்காய்
வெள்ளி, பிற்பகல் 1.10

பஸ் ஸ்டாப்புல தினமும் பாக்குற முகம் யாராவது இருக்காங்களா உங்களுக்கு? ஸ்டான்லி மில்கிராம்னு ஒரு உளவியலாளர் நியூயார்க்ல மாணவர்களை வெச்சு ரயில் பிளாட்பாரத்துல நிக்கிறவங்களைப் படம் எடுத்து, அடுத்த வாரம் அவங்ககிட்டயே கொடுத்து 'இதுல யாரைத் தெரியும்'னு கேட்டார், 1972ல எழுதினது. பேசிப் பழகினவங்க ஒண்ணு ரெண்டுதான். ஆனா பேசாமலே தெரிஞ்ச முகம் சராசரியா நாலு. 'பழகிய அந்நியர்'னு பேர் வெச்சார். வருஷக்கணக்கா பக்கத்துல நின்னாலும் பேசிக்க மாட்டாங்களாம். ஆனா அதே ரெண்டு பேர் எங்கயோ தூர தேசத்துல பாத்துக்கிட்டா ஓடிப் போய்ப் பேசுவாங்களாம்.


தூக்கம்வராதவன்
வெள்ளி, இரவு 8.26

இருக்காங்க. நீலக் குடைக்காரர். மழை இல்லாட்டியும் குடை. பஸ் லேட்டானா குடைக்கம்பியால நடைபாதைக் கல்லுல மெதுவா தட்டுவாரு, மூணு தட்டு, ஒரு நிறுத்தம்.

நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ஆஃபீஸ் முடிஞ்சு பல் வலிக்காக ஒரு டாக்டர்கிட்ட போனா, அங்க அவர் உக்காந்திருக்காரு, கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாத்தோம். அவர் புருவம் லேசா ஏறிச்சு. பேசிடலாம்னு வாயெடுத்தேன். என்ன பேசுறது? 'குடை எங்க?'ன்னா கேக்க முடியும்? பதறிப் போய்ச் சுவர்ல தொங்கின பல் படத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டேன். கடைவாய்ப்பல்லுக்கு எத்தனை வேர்னு இப்ப எனக்கு மனப்பாடம். நிமிர்ந்தா அவரைக் கூப்பிட்டுட்டாங்க.

திங்கக்கிழமை அவர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியல. இதுவரைக்கும் பேசாதது சும்மா இருந்துச்சு. இனிமே பேசாதது வேணும்னே பேசாத மாதிரி ஆயிடுச்சு.


மூணாவதுமாடி
வெள்ளி, இரவு 8.41

ஐயோ தம்பி 😂 'பல் எப்படி இருக்கு'ன்னு கேளுங்க. அதைவிடச் சுலபமான கேள்வி வாழ்க்கையில கிடைக்காது.


தூக்கம்வராதவன்
சனி, காலை 5.44

யாராவது முழிச்சிருக்கீங்களா? அலாரம் நிக்கல. 5.10லேர்ந்து விடாம அடிக்குது. யாரும் அமுக்கல. இருமலும் இல்ல.


திரும்பிப்போனவன்
சனி, காலை 5.46

போய்த் தட்டு.


தூக்கம்வராதவன்
சனி, காலை 5.47

குளிக்கப் போயிருந்தா? மத்த வீட்டுக்கும் கேக்குமே, யாரும் வரலையே. நான் மட்டும் போய்...


திரும்பிப்போனவன்
சனி, காலை 5.47

அவங்களும் இதையேதான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நான் நாலு நாள் கிடந்தவன் சொல்றேன். எழுந்திரு. ஃபோனை வெச்சுட்டுப் போ.


ஏட்டுச்சுரைக்காய்
சனி, காலை 7.30

இப்பத்தான் பாத்தேன். என்ன ஆச்சு? அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. லட்டானே, டார்லின்னு ரெண்டு உளவியலாளர்கள் 1968ல ஆளுங்களைக் கேள்வித்தாள் நிரப்பச் சொல்லி உக்கார வெச்சு, அந்த அறைக்குள்ள புகையை விட்டுப் பாத்தாங்க. தனியா இருந்தவங்கள்ல 100க்கு 75 பேர் எழுந்து போய்ச் சொன்னாங்க. கூட ரெண்டு பேர், சோதனைக்காரங்களே சொல்லி வெச்ச ஆளுங்க, கண்டுக்காம உக்காந்திருந்தப்போ 100க்கு 10 பேர்தான் அசைஞ்சாங்க. மத்தவங்க கண்ணைத் தேய்ச்சுக்கிட்டே தாளை நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. தூக்கம்வராதவன், இருக்கீங்களா?


மூணாவதுமாடி
சனி, காலை 8.02

தம்பி, ஒரு வரி எழுதுங்க. பயமா இருக்கு.


தூக்கம்வராதவன்
சனி, காலை 9.15

ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. மன்னிச்சுக்கங்க, கீழ போயிருந்தேன்.

கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வந்தா, எதிர் வீட்டுக் கதவு நாலு விரல் அகலம் திறந்திருக்கு, சங்கிலியோட. உள்ள ஒரு அம்மா. 'நீங்களும் கேட்டீங்களா?'ன்னாங்க. நான் போய்த் தட்டினேன். தட்டத் தட்ட கடைசி வீட்டுலேர்ந்து ஒரு பையன் வந்தான், கண்ணாடியைத் தலைகீழா மாட்டிக்கிட்டு. மூணு பேரும் அந்தக் கதவுல காதை வெச்சோம். அலாரம் மட்டும்தான். பையன் ஓடிப் போய் வாட்ச்மேனைக் கூட்டிக்கிட்டு வந்தான். அவர் கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றாரு: 'அவரா? நேத்து மத்தியானமே காலி பண்ணிட்டுப் போயிட்டாரே. கடிகாரத்தைப் பிளக்குலேயே விட்டுட்டுப் போயிட்டாரு போல. சாவி ஓனர்கிட்ட, சாயங்காலம்தான் வருவாரு.'

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. சங்கிலியை எடுத்துட்டு வெளிய வந்தே சிரிச்சாங்க. ஏழு வருஷமா அங்க இருக்காங்களாம், அவங்களும் அந்த ஆள் முகத்தைப் பாத்ததில்லையாம். வயசானவர்னு நான் நினைச்சிருந்தேன், இருமலை வெச்சு. இருபத்தஞ்சு வயசுப் பையன்னு வாட்ச்மேன் சொல்றாரு.


திரும்பிப்போனவன்
சனி, காலை 9.22

உசுரு போய் உசுரு வந்துச்சு. அந்த அம்மா பேர் கேட்டியா?


தூக்கம்வராதவன்
சனி, காலை 9.24

மறந்துட்டேன். அவங்களும் என் பேரைக் கேக்கல.


சும்மாஇருங்க
சனி, காலை 9.25

47 நாள் இல்ல, இனிமே 51.


தூக்கம்வராதவன்
திங்கள், காலை 9.58

சனிக்கிழமை சாயங்காலம் ஓனர் வந்து கடிகாரத்தைப் பிடுங்கிட்டாரு. நேத்து கட்டிலைக் கிழக்குச் சுவர்ப் பக்கம் தள்ளினேன், நல்லாத் தூங்கினேன்.

இன்னிக்கு எட்டரைக்குத்தான் முழிச்சேன். நான் அலாரம் வெக்கிறதே இல்லைன்னு இப்பத்தான் உறைக்குது. நீலக் குடைக்காரர் பஸ் எப்பவோ போயிருக்கும்.